அப்பிள் முடியட்டும்

ஒஷாவாவைத் தாண்டி, 401 நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் வீடுகள் முதலில் குறையும், பிறகு கூச்சப்படும், பிறகு காணாமலே போய்விடும். அதற்கப்புறம் ஒரு சரளைக்கல் பாதை. பாதை முடிகிற இடத்தில் எங்கள் அப்பிள் தோட்டம்.

அப்பா சச்சிதானந்தன் ஸ்காபரோவில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அந்த வயதில் மற்றவர்கள் புளோரிடாவைப் பற்றி யோசிப்பார்கள். அப்பா மரங்களைப் பற்றி யோசித்தார். டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியிலிருந்த எங்கள் வீடு அப்படியே இருக்க, பூக்காலம் தொடங்கிக் காய் முடியும்வரை தோட்டத்து வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. முடிவெடுத்த கூட்டத்துக்கு அம்மாவையும் என்னையும் யாரும் அழைக்கவில்லை.

முதல் நாள் கதவைத் திறந்தபோது உள்ளே பழைய அப்பிள் வாசம் நின்றது. அழுகல் இல்லை. பூட்டிய அலுமாரிக்குள் யாரோ ஒரு பழத்தை மறந்துவிட்டுப் போக, பழம் அவரை மறக்காமல் இருப்பதுபோல ஒரு வாசம்.

அந்த யாரோ, தோட்டத்தை விற்ற அன்ட்ரூ. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. மூக்கில் ரியூப், பக்கத்தில், இழுத்துப்போக இரண்டு சின்னச் சில்லு பூட்டிய ஒட்சிசன் சிலிண்டர். அவர் மூச்சுவிடும்போது சிலிண்டரும் சேர்ந்து விடும். ஸ்ஸ்... டக். ஸ்ஸ்... டக். சாவியைத் தந்துவிட்டு ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார்.

மே மாதம் மரங்கள் பூத்தன. ஜூனில் நெருக்கமான பிஞ்சுகளைக் கிள்ளி எறிய வேண்டும் என்றார்கள். அப்பா ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டுக் கிள்ளினார். ஓகஸ்ட் கடைசியில் முதற்காய் சிவந்தது. நாலைந்தைப் பறித்துத் துடைத்து அன்ட்ரூவிடம் கொண்டுபோனார். சாரதியாக நானும் போனேன்.

அன்ட்ரூ ஒரு பழத்தை முகர்ந்தார். கடிக்கவில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

எங்கள் ஆட்கள் ஓரிடத்தை விட்டுப் புறப்படும்போது "போறன்" என்று சொல்லமாட்டார்கள். அது கெட்ட சொல். "போட்டு வாறன்" என்பார்கள், அவசரமென்றால் வெறும் "வாறன்." அப்பா அதை அப்படியே ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்திருந்தார். பல் டொக்டரிடம், கோப்பிக் கடையில், பார்க்கிங் டிக்கெட் எழுதிய பொலிஸ்காரரிடம்கூட, "ஓகே, ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பொலிஸ்காரர் கொஞ்ச நேரம் காத்து நின்றதை நானே பார்த்தேன்.

அன்றும் எழுந்து, அன்ட்ரூவின் கையைப் பிடித்துச் சொன்னார்.

"ஓகே அன்ட்ரூ. ஐ ஆம் கமிங்."

அன்ட்ரூ நிமிர்ந்து பார்த்தார். ஸ்ஸ்... டக்.

"வென்?"

அப்பா மரியாதைக்குச் சிரித்தார். "அப்பிள் பினிஷ். தென் ஐ கம்."

"குட்," என்றார் அன்ட்ரூ. "ஐ வில் ஹெல்ப்."

அந்தக் கிழமையே அவர் இறந்துபோனார். செத்தவீட்டில் மட்டும் எங்கள் ஆட்கள் "வாறன்" சொல்வதில்லை. பேசாமல் எழும்பி வந்துவிடுவார்கள். அப்பாவும் பேசாமல்தான் எழும்பி வந்தார். சொல்ல வேண்டியதை ஏற்கனவே சொல்லிவிட்டாரே.

செப்டம்பரில் பறிப்புத் தொடங்கியது. ஒருநாள் காலை வாசற்படியில் ஒரு கூடை இருந்தது. நிறைய அப்பிள். ஒன்றில்கூடக் காம்பு முறியவில்லை, ஒன்றில்கூட நகம் படவில்லை. நாங்கள் மூவரும் பறித்தால் பாதிப் பழம் சண்டைக்குப் போய்வந்ததுபோல இருக்கும்.

மறுநாள் இரண்டு கூடை.

பனி ஈரத்தில், மர நிரைகளுக்கு நடுவே, புல்லின் மேல் இரண்டு மெல்லிய கோடுகள் ஓடின. சின்னச் சில்லுகளின் தடம். மூடுபனிக்குள் எங்கோ காம்பு கழலும் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்... டக்.

அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றார். அப்பா, சம்பளம் கேட்காத ஒரே தொழிலாளி என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடியமுதலே மூச்சு வாங்கியது. அண்மைக்காலமாக ஏணியில் நாலு படி ஏறினால் நின்றுவிடுவார்.

"நல்ல வேகம்தான்," என்றார் அம்மா. "உப்பிடியே போனால் கெதியில முடிஞ்சிடும்."

முடிஞ்சிடும் என்ற சொல்லில் நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அன்ட்ரூவின் அறையில் இருந்தவர்கள் நாங்கள் இருவர்தானே.

அன்றே காரில் ஏறி டோர்செட் பார்க்குக்கு ஓடிவந்தோம். கடைசி அப்பிள் மரத்திலிருந்து இறங்கும்போது அப்பா அங்கே இல்லாவிட்டால் சரி என்பது என் கணக்கு. மறுநாள் காலை வீட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் கூடை. கட்டடத்தில் லிப்ட் பழுதாகி ஒரு கிழமை. யாரோ சிலிண்டரையும் இழுத்துக்கொண்டு ஒன்பது மாடி ஏறியிருக்கிறார்.

அப்பா கூடையை உள்ளே தூக்கி வைத்தார். ஓடுவதில் பயனில்லை, மரத்தோடு நின்று காவல் காப்போம் என்றார். திரும்பிப் போனோம்.

'பறிப்பு முடிந்தது' என்று கேற்றில் பலகை மாட்டினேன். மிஞ்சிய பழங்களைக் கிளையோடு சேர்த்து நைலோன் கயிற்றால் கட்டினேன். கயிறு முடிந்தபின் டேப். டேப் முடிந்தபின் அம்மா காலில் மாட்டும் பழைய ஸ்ரொக்கிங்ஸ். தோட்டம் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பதுபோல இருந்தது.

பலகை எங்கள் ஆட்களை நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. சனிக்கிழமை, டோர்செட் பார்க்கில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அன்ரி பழம் பறிக்க வந்தார். பழம் இல்லை, எல்லாம் முடிந்தது என்று கெஞ்சினேன். பின்நிரைக்குப் போய், நிறைந்த இரண்டு பையோடு திரும்பினார்.

"தம்பி, எங்களுக்கு மட்டும் ஒளிக்கிறியள் என்ன? மூக்கில ரியூப் போட்ட வெள்ளைக்கார ஐயா எவ்வளவு நல்ல மனுசன். அவர்தான் கட்டெல்லாம் அவிழ்த்துத் தந்தவர்."

பின்நிரையில் அவிழ்த்த ஸ்ரொக்கிங்ஸ் ஒவ்வொன்றும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"சரி, நாங்கள் வாறம்," என்று அன்ரி கார்க் கதவைச் சாத்தினார். நான் பின்நிரையைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒக்டோபர் கடைசியில் ஒரேயொரு அப்பிள் மிஞ்சியது.

வீட்டுக்கு மிகக் கிட்டிய மரம். பின்னேரம், வெளிச்சம் இன்னும் இருந்தது. மரத்தைச் சுற்றி மூன்று கதிரை போட்டு மூவரும் உட்கார்ந்தோம். நான் பழத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தேன். கல்லூரியில் என்னை எதையும் பொறுப்பாக எடுக்காதவன் என்பார்கள். அந்த அப்பிளைப் பொறுப்பாகத்தான் எடுத்தேன்.

காற்று நின்றது.

பழைய அப்பிள் வாசம் வந்தது.

என் விரல்களுக்கு மேலே வேறு விரல்கள் படிந்தன. குளிர்ந்த, பொறுமையான விரல்கள். இறுக்கவில்லை. என் கையை ஒவ்வொரு விரலாக விலக்கின, குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல. பழம் அரைச்சுற்றுத் திரும்பியது. மெல்ல மேலே எழுந்தது.

டக்.

அது கீழே விழவில்லை. ஒரு மனிதனின் நெஞ்சு உயரத்தில் வந்து நின்று, அப்பாவின் பக்கம் நீண்டது.

அப்பா வாங்கிக்கொண்டார். யாராவது ஒன்றை நீட்டினால் வாங்காமலிருக்க அவருக்குத் தெரியாது. எழுந்து நின்றார். அம்மாவைப் பார்த்தார்.

"போறன்."

என் வாழ்நாளில் அப்பா வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அம்மா அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வாறன் எண்டு சொல்லுங்கோ. இஞ்சாருங்கோ, வாறன் எண்டு சொல்லுங்கோ."

அப்பா முயன்றார். உதடு கூடியது, மூச்சு மட்டும் வந்தது. ஸ்ஸ்... இரண்டாம் தரமும் முயன்றார். பிறகு அம்மாவின் விரல்களை மெல்லக் கழற்றினார், காம்பு முறியாமல்.

"போறன், புனிதம்."

நிரைக்குள் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். ஓட ஓட நிரை நீண்டது. கடைசி மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பழம் மடியில் இருந்தது. மாரடைப்பு என்றார்கள். புல்லில் அவருடைய சப்பாத்துத் தடமும், பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடுகளும் போயிருந்தன. திரும்பி வந்த தடம் எதுவும் இல்லை.

நவம்பரில் வீட்டைப் பூட்டப் போனோம். நான் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு இருந்தேன். பூட்டி, கேற்றைச் சாத்தியபின் அம்மா பழக்கத்தில் திரும்பி, வெறும் மரங்களைப் பார்த்துச் சொன்னார்.

"போட்டு வாறன்."

நிரைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"எப்ப?"

அம்மாவின் வாயைப் பொத்தப் பாய்ந்தேன். ஆனால் கலியாணம் கட்டிய நாள் முதல் அப்பா கேட்ட எந்தக் கேள்வியையும் அவர் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

"பூக்கட்டும். வாறன்."

குளிர்காலம் முழுக்க நான் அதைத்தான் படித்தேன். மரத்தைப் பூக்கவைக்க எழுதிய புத்தகங்கள் நூலகத்தில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. பூக்காமல் வைக்க ஒருவரும் எழுதவில்லை. மார்ச்சில் மரம் அரியும் வாளோடு போய் மரங்களைத் தறித்தேன். நாள்முழுக்கத் தறித்தேன். யாரும் தடுக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை டோர்செட் பார்க் வீட்டுச் சமையலறையில் ஒரு வாளித் தண்ணீர். அதற்குள் நான் தறித்த கிளைகள், ஒன்றோடொன்று உரசாமல் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அம்மா வைக்கவில்லை. நான் வைக்கவில்லை. லிப்ட் மறுபடி பழுது. பிறகுதான் படித்தேன்: தறித்த கிளையைச் சூடான அறையில் தண்ணீரில் வைத்தால், மரத்துக்கு முன்னமே பூக்குமாம்.

வெளியே கொண்டுபோய் எறிந்தேன். காலையில் திரும்ப வந்திருந்தன. மறுபடி எறிந்தேன்.

இன்று காலை சத்தம் கேட்டுச் சமையலறைக்கு ஓடினேன். வெளியே இன்னும் உறைபனி. வாளிக்குள் ஒரு மொட்டு.

டக்.

வெள்ளையாக விரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா குளிர்க்கோட்டைப் போட்டு, சப்பாத்தும் கட்டி, வாசலில் நின்றார்.

"வாறன் எண்டு சொல்லுங்கோ, அம்மா," என்றேன்.

அம்மா வாயைத் திறந்தார். முதலில் மூச்சுத்தான் வந்தது.

ஸ்ஸ்...