அஞ்சடியில் பார்த்த பச்சை

லிப்ட் வரும்வரை விமலனுக்குப் பொறுமை இல்லை. பிரிக்பீல்ட்ஸ் கல்யாண மண்டபத்தின் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். பின்னால் லோகேஸ்வரி நிதானமாக வந்தாள். சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் விளக்குகளைச் சோதிப்பது இருவருக்கும் வேலை. ஊரார் சிக்கலைத் துப்புத் துலக்குவது அவளுக்குப் பொழுதுபோக்கு.

அலங்கார அறையில் ஹைதர் வியர்த்து நின்றான். கிள்ளான் துணிக்கடை விற்பனையாளன், விமலனின் கூட்டாளி.

"நான் துணிய மாத்தலக்கா! ஒன்பதரைக்கு முகூர்த்தம். அதுக்குள்ள முடிவு தெரியலன்னா வேலைக்கே வராதன்னு முதலாளி சொல்லிட்டாரு."

பெண்ணின் தாய்மாமன் சின்னையா பாய்ந்தார். "நீயே பாரும்மா. சேலை பாசிப்பச்சை, பிளவுஸ் காப்பித்தூள் கலரு! கடையில ரெண்டும் ஒரே பச்சை. கட்டிக் குடுக்கறப்ப இவன் வேற துணிய தள்ளிவிட்டுட்டான். தைச்சு வந்த பிளவுஸ இன்னிக்குப் பெட்டிய தொறந்து பாத்ததும்தான் தெரியுது."

"மெதுவா பேசுங்கண்ணே," என்றார் பெண்ணின் அம்மா உஷாராணி. "ஷாமினி பக்கத்து ரூம்ல தலை பின்னிட்டிருக்கா. கேட்டா மனசு ஒடிஞ்சிருவா."

விமலனுக்குப் பொறி தட்டியது. "கடை லைட்டு ஏமாத்தியிருக்கும்லா!"

"எனக்கா தெரியாது தம்பி?" என்றார் உஷாராணி. "கடைக்குள்ள நான் எந்தத் துணியையும் நம்ப மாட்டேன். ரெண்டையும் கடை வாசல்ல ஜனங்க நடக்கிற அஞ்சடிக்குத் தூக்கிட்டுப் போயி பார்த்தேன். அச்சு அசல் ஒரே பச்சை."

விமலன் சேலையையும் பிளவுஸையும் ஜன்னல் வெயிலில் பிடித்தான். பச்சை ஒன்று, பழுப்பு ஒன்று. அவன் ஹைதரைத் திரும்பிப் பார்த்தான். கூட்டாளி கள்ளன்தானா?

"எத்தன மணிக்கு வாசல்ல பாத்தீங்க ஆன்டி?" என்றாள் லோகேஸ்வரி.

"சாயங்காலம் ஏழு இருக்கும். கொட்டு கொட்டுன்னு மழ."

"வெளிச்சம் இருந்துச்சா?"

"பளிச்சுன்னு, பகல் மாதிரி!"

லோகேஸ்வரி கைப்பையிலிருந்து நிறமாலை அளக்கும் சிறு கருவியை எடுத்தாள். ஜன்னலில் நீட்டினாள், கருவியின் திரையில் வெயில் இடைவெளியே இல்லாத மேடாக விரிந்தது. கண்ணாடியைச் சுற்றிய குண்டு பல்புகள், நீலத்தில் பள்ளமாகத் தொடங்கிச் சிவப்பை நோக்கி ஏறின. கருவியை ஏந்தியபடியே அவள் நடக்க, மொத்தக் கூட்டமும் ஊர்வலமாகப் பின்தொடர்ந்தது. ஜன்னலில்லாத சமையற்கட்டில் டியூப் லைட்டுக்குக் கீழே நின்றாள். திரையில் மூன்று ஈட்டிகள் குத்திட்டு நின்றன.

"இங்க விரிங்க ஆன்டி."

கொதிக்கும் சாம்பாருக்குப் பக்கத்தில் உஷாராணி இரண்டையும் விரித்தார். ஒரே பச்சை! கரண்டியோடு சமையல்காரரும் எட்டிப் பார்த்தார்.

"ஏழு மணி மழையில வாசல்ல ஏது வெயிலு? அஞ்சடிக் கூரையில இருந்த டியூப் லைட்டத்தான் பகல்னு நம்பிட்டீங்க. கண்ணுக்கு ரெண்டு வெளிச்சமும் வெள்ளைதான். ஆனா வெயில்ல எல்லா நிறமும் இருக்கு. இந்த டியூப் லைட்டுல நீலம், பச்சை, சிவப்பு மூணுதான் தூக்கலா இருக்கு. ரெண்டு துணிக்கும் சாயம் வேற. அந்த மூணு நிறத்தையும் ஒரே அளவா திருப்பி விடறதால ஒண்ணா தெரியுது. மத்த நிறமும் சேர்ந்தா குட்டு வெளிப்பட்டுருது. ஹைதர் வேற துணிய மாத்தி வச்சிருந்தா, இந்த லைட்டுல மட்டும் இப்படிப் பொருந்துமா?"

சின்னையா அசடு வழிந்தார். அங்கேயே கடை முதலாளியைப் போனில் அழைத்து, "உங்க பையன் தங்கம் பாஸ்!" என்று கத்தினார். ஹைதரின் கையில் சூடான வடை ஒன்று ஏறியது.

"பாழாப்போன அஞ்சடி! எம்பொண்ணுகிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்று உஷாராணி தலையில் கைவைத்தார்.

"என்னம்மா, எல்லாரும் இங்க? ஒரு காப்பி கெடைக்குமா?"

வாசலில் ஷாமினி. கை நிறைய வளையல்: ஒன்று பாசிப்பச்சை, அடுத்தது காப்பித்தூள் நிறம், மறுபடி பச்சை.

லோகேஸ்வரி சிரித்துவிட்டாள். "வளையல் எப்ப வாங்குன?"

ஷாமினி நாக்கைக் கடித்தாள்.

"முந்தாநேத்து. தையக்கார அக்காகிட்ட பிளவுஸ வாங்குனப்பவே கலர பாத்துட்டேன். சும்மா ஜம்முனு இருந்துச்சு! சொல்லியிருந்தா அம்மா என்ன இன்னும் நாப்பது கடை ஏத்தி எறக்கியிருப்பாங்கலா!"