மூன்று மாத மாவுப் பை

முதலில் அவள் கண்ணில் பட்டது அவன் அல்ல... மாவுப் பைதான்.

மன்னார் பசாரில் ஹலீம் நானாவின் கடை. வெளியே மார்கழி மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, வாளிகளுக்கும் பிளாஸ்டிக் கதிரைகளுக்கும் நடுவில், உயரமான ஒருவன் கோதுமை மாவுப் பை ஒன்றைக் குழந்தை வண்டிலில் படுக்க வைத்துப் பட்டி பூட்டிக்கொண்டிருந்தான். பட்டிக்கும் பைக்கும் இடையில் இரண்டு விரலை விட்டு இறுக்கம் பார்த்தான். வெயில் படாமல் கூடாரத்தை இழுத்து விட்டான். பிறகு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனான். திருப்பத்தில் குனிந்து, "பயப்பிடாதை" என்று பையிடம் சொன்னான்.

ஜெயனி குடையை மடக்க மறந்து நின்றாள். அவள் நகரப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணித ஆசிரியை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதவள் என்று தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தாள். அது அந்த நிமிடமே போயிற்று.

"உங்கட மாவுக்கு எத்தினை மாதம்?"

அவன் திரும்பினான். கடல், மீன் என்றெல்லாம் அந்தக் கண்களைப் பற்றிச் சொல்ல முடியாது. நித்திரை குறைந்த கண்கள். ஆனால் சிரிப்பு முதலில் அங்கேதான் வந்தது. வாய்க்கு மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது.

"மூண்டு மாதம். அழவே மாட்டா."

"நல்ல பிள்ளை... ஆனா அவ படுத்திருக்கிற வண்டில் நான் போன கிழமையே பாத்து வச்சது."

"பாத்து வச்சதோ? பேர் எழுதி ஒட்டேல்லையே!"

"என்னத்துக்குச் சண்டை?" ஹலீம் நானா ஓடி வந்தார். "லேசானது அந்த ஒண்டுதான் மிச்சம். மற்றது இந்தா நிக்குது... டுபாய் மொடல்! இதில பிள்ளை போனா ஊரே எழும்பி நிக்கும்."

டுபாய் மொடல் சுவரோரம் சிம்மாசனம் போல நின்றது. பெரிய சில்லு, தேத்தண்ணிக் கோப்பை வைக்க ஓட்டை, பொன்னிறக் கைபிடி. ஜெயனி தூக்கிப் பார்த்தாள். ஒரு சில்லு மட்டும் நிலத்தை விட்டது.

"ஊர் எழும்பும் நானா. வண்டில் எழும்பாது. இதை பஸ்ஸில ஏத்தினா நாலு சனம் இறங்கோணும்."

ஒரு கிழமையாகக் கைபேசியில் வண்டில் வீடியோ பார்த்தவள் அவள். ஆகவே வகுப்பெடுத்தாள். "மூண்டு மாதப் பிள்ளைக்கு வண்டிலின்ர முதுகு தட்டையாச் சாயோணும். தாய் பிள்ளையை ஒரு கையில வச்சுக்கொண்டு மற்றக் கையால மடிக்கோணும். அதுவும் கொண்டக்டர் விசில் அடிக்க முந்தி."

"சில்லு மணலில புதையவும் கூடாது, டீச்சர்."

"நான் டீச்சர் எண்டு ஆர் சொன்னது?"

"இப்ப நீங்கள்தானே..."

அவள் முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

லேசான வண்டிலை ஒரே கையால் மடிக்கலாம் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. யாருடைய கை என்று பெட்டி சொல்லவில்லை. அவன் மாவுப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு முயன்றான். வண்டில் அசையவில்லை. அவள் முயன்றாள். ஹலீம் நானா மூக்குக் கண்ணாடியோடு வந்து முயன்றார். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து கைபிடிக்கு அடியில் தடவினார்கள். ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதன் மேல் அவள் விரல்... அதன் மேல் அவன் விரல்... ஐஸ் மாதிரிக் குளிர்ந்த விரல். டக்! வண்டில் பணிவாக மடிந்து கிடந்தது.

"மடிச்சது நீங்கள்தான். கொண்டு போங்கோ," என்றான் அவன்.

அந்த விரலில் மோதிரம் இல்லை என்பதை அவள் எப்போதோ பார்த்துவிட்டாள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திரியும் அப்பன்மாரும் உண்டு என்று மனதுக்குப் புத்தியும் சொன்னாள். மனம் கேட்கவில்லை.

"வெறுங்கையோட போனா மிஸிஸ் பேசமாட்டாவோ?"

"எந்த மிஸிஸ்? இது சிநேகிதன்ர பிள்ளைக்கு." அவன் கண் சட்டென்று அவள் கழுத்தடியில் தாலியைத் தேடியது. "உங்கட... அவர்?"

"எந்த அவர்? என்ர சிநேகிதி டினோஜாவின்ர பிள்ளைக்கு. நாளைக்கு விடத்தல்தீவில ஞானஸ்நானம்."

அவன் பையைக் கீழே வைத்தான். "பஸ்ரியன்ர மகளுக்கோ?"

"ஓம்... நான்தான் ஞானத்தாய்."

"நான்தான் ஞானத்தகப்பன்! இன்பாஸ். பேசாலையில ஐஸ் கொம்பனி."

அதுதான் விரல் அப்படிக் குளிர்ந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்... எதற்கு நினைத்தோம் என்று உடனே வெட்கப்பட்டாள். வண்டிலை இருவருமாக வாங்கினார்கள். ஹலீம் நானா டுபாய் மொடலைத் துடைத்துக்கொண்டே, "பொருத்தமான சோடி" என்றார். வண்டிலையும் பிள்ளையையும் சொன்னாராம்.

பஸ்ஸில் மடித்த வண்டில் இருவர் முழங்காலுக்கும் இடையில் நின்றது. யன்னலுக்கு வெளியே மழை. தாம்போதிப் பாதையின் இரண்டு பக்கமும் கடலா வானமா என்று தெரியாத சாம்பல் நிறம். மடு மாதா கோயில் வரைக்கும் நடந்து போயிருக்கிறீர்களா, மீனில் எது பிடிக்கும், ஐஸ் கொம்பனிக்காரன் ஐஸ்கிறீம் சாப்பிடுவானா... அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் ஒன்றுக்கும் சலிக்கவில்லை. இறங்கும் இடம் வந்தபோதுதான் மழை விட்டதே இருவருக்கும் தெரிந்தது.

அன்று பின்னேரம் கோயில் மண்டபத்தில் ஞானப் பெற்றோருக்கு வகுப்பு. எடுக்க வேண்டியவர் ஃபாதர். எடுத்தவர் யாகப்பர். பஸ்ரியனின் தகப்பன், மாவட்ட அலுவலகமான கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கந்தோர் அவரை விட்டாலும் அவர் கந்தோரை விடவில்லை. கோயிலில் மூப்பர் என்ற பதவியும் கிடைத்த பிறகு, "சட்டப்படி" என்று தொடங்காமல் அவர் தண்ணீர் கூடக் கேட்பதில்லை.

"சட்டப்படி," என்றார், "ஒரே பிள்ளைக்கு ஞானத்தகப்பனும் ஞானத்தாயுமா நிண்டவை, நிண்ட நேரம் தொட்டு அண்ணன் தங்கச்சி. பிறகு அவைக்குள்ள கலியாணப் பேச்சுக்கே இடமில்லை."

இளம் ஃபாதர் மெல்ல, "திருச்சபைச் சட்டத்தில அப்பிடி இல்லையே ஐயா..." என்றார். "எங்கட ஊர் வழமையில இருக்கு. உங்களுக்கு வயசு காணாது, ஃபாதர்," என்று வெட்டினார் யாகப்பர்.

ஃபாதர் வயதை ஒத்துக்கொண்டார்.

ஜெயனி இன்பாஸைப் பார்த்தாள். அவன் கோயில் விறாந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை... ஒரு செருமல் கூட இல்லை. நேற்று வரைக்கும் முகம் தெரியாதவன். அவனுக்காக ஞானத்தாய் ஆகமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? டினோஜாவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்துப் பேச்சு அது: உன் முதல் பிள்ளையை நான்தான் ஏந்துவேன். நின்றால் அவன் இல்லை. நிற்காவிட்டால் டினோஜாவின் முகத்தில் முழிக்க முடியாது. அவன் வாய் திறந்தால்தானே அவளும் யோசிக்கலாம்?

வெளியே வந்ததும் வேண்டுமென்றே சொன்னாள்: "அப்ப போட்டு வாறன்... அண்ணா."

அவன் முகம் சுருங்கியது. அவளுக்கும் சுட்டது. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை. கோயில் வாசலில் வெள்ளைச் சட்டைக்குள் பிள்ளை. புது வண்டிலைச் சுற்றி ஊர்ப் பெண்கள். டினோஜா பிள்ளையைத் தூக்கி ஜெயனியின் கையில் கொடுத்த நேரம் யாகப்பரின் சத்தம் கேட்டது.

"நிக்கமாட்டியோ? என்ன விளையாட்டு இது? சட்டப்படி, பேர் குடுத்தால் நிக்கோணும்!"

எதிரே இன்பாஸ். இரவு முழுக்க நித்திரை இல்லாத கண்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. என்னால ஏலாது."

"காரணம்?"

வாசலில் எல்லோரும் திரும்பினார்கள். இன்பாஸ் ஜெயனியை ஒருமுறை பார்த்தான்.

"நிண்டா அண்ணன் தங்கச்சி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். எனக்கு வீட்டில ரெண்டு தங்கச்சி இருக்கினம். மூண்டாவது வேண்டாம்... ஜெயனி எனக்குத் தங்கச்சியா வேண்டாம்."

பெண்கள் வண்டிலை மறந்தார்கள். ஜெயனிக்குக் காது வரைக்கும் சுட்டது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

டினோஜா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் புருஷனை முழங்கையால் இடித்தாள். பஸ்ரியன் தெளிந்து, "அப்பா, மணி அடிக்கப்போகுது. நீங்களே நில்லுங்கோ," என்றான்.

"நானோ?"

"சட்டப்படி அப்பப்பாமாரும் நிக்கலாம்," என்றார் ஃபாதர். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு நீண்ட நாள் ஆசை போலிருந்தது.

பிள்ளை தண்ணீர் பட்டு ஒருமுறை வீரிட்டது. ஜெயனி ஏந்தியிருந்தாள், யாகப்பர் மெழுகுதிரியோடு நிமிர்ந்து நின்றார். பூசை முடிந்து எல்லோரும் வாசலுக்கு வந்தபோது இன்பாஸ் வழியை மறித்தான். கை கட்டியிருந்தான். முகத்தில் அளவுக்கு மிஞ்சிய பணிவு.

"ஐயா, ஒரு சட்டச் சந்தேகம். நீங்களும் ஜெயனியும் இப்ப ஒரே பிள்ளைக்கு ஞானப் பெற்றோர். அப்ப நீங்கள் அவவுக்கு அண்ணன்தானே?"

யாகப்பர் வாய் திறந்தார். குழி தெரிந்தது. ஆனால் தோண்டியவர் அவர். ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"சட்டப்படி... ஓம்."

"பிறகு அவவின்ர அப்பா அம்மாவிட்டயும் வாறன். முதல்ல அண்ணனிட்டக் கேக்கிறன். உங்கட தங்கச்சியை எனக்குத் தருவியளோ?"

ஃபாதர் இருமலில் சிரிப்பை மறைத்தார். அறுபத்தெட்டு வயது அண்ணன் முதல் முறையாகச் சட்டம் தெரியாமல் நின்றார். மெல்ல ஜெயனி பக்கம் திரும்பினார்.

"பிள்ளை... நீர் என்ன சொல்லுறீர்?"

ஜெயனி பிள்ளையின் தலைக்கு மேலால் இன்பாஸைப் பார்த்தாள். அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை. பயம் இருந்தது. இவ்வளவு துணிச்சலாகப் பேசினவனுக்கு இவ்வளவு பயமா...

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணை ஓம் எண்டால்... எனக்கும் ஓம்."