நான்காவது வரி

எதையும் செருகாமலே கவிப்பிரியாவின் லேப்டாப் அந்தச் சத்தத்தை எழுப்பியது. யூஎஸ்பியில் புதிதாக ஏதாவது இணைந்தால் வரும் சின்ன ‘டொப்’. மதியத்திலிருந்து இது மூன்றாவது முறை. சேக்காட்டில் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கே மழை கூடி முன்னறை இருட்டிவிட்டிருக்க, மின்விசிறியின் கிறீச்சுக்கு நடுவே எங்கோ பலகை முனகுவது போலவும், துவைக்காத துணியின் வாடை லேசாக இறங்கி வருவது போலவும் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

என்ன இணைந்திருக்கிறது என்று பார்க்க lsusb என்று தட்டினாள். லினக்ஸில் யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் கட்டளை அது. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது திரை.

போன வாரம் இருந்ததே. பிரிண்டருக்காக அவளே தட்டிப் பார்த்தாளே.

எதை நிறுவினாலும் நீக்கினாலும் பதிவாகும் கோப்பைத் திறந்தாள். அந்தக் கட்டளை அடங்கிய usbutils தொகுப்பை யாரோ நீக்கியிருந்தார்கள். இன்றைக்கு. மதியம் 1.42. அப்போது அவள் வீட்டைப் பூட்டிவிட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டை அவள் யாருக்கும் சொன்னதில்லை. இன்னொரு சாவி மட்டும் கணவன் தமிழரசுவிடம் இருந்தது.

“யார்கூட இவ்ளோ நேரம் சாட்டு?” என்று போன மாதம் அவன் சிரித்துக்கொண்டே கேட்டது நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பு இப்போது வேறு மாதிரி தெரிந்தது. போன் செய்தாள்.

“இன்னா கவி?” திருமழிசை கம்பெனியின் மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

“மத்தியானம் வீட்டுக்கு வந்தீங்களா?”

“ஷிப்டுல கீறேன்மா. எப்டி வர்றது?”

“உண்மையச் சொல்லுங்க. என் லேப்டாப்ப தொட்டீங்களா?”

“இன்னாத்துக்கு இந்த சந்தேகம்? சூப்பர்வைசர் இங்கதான் நிக்கிறாரு. கேக்குறியா?”

போனை வைத்தாள். நம்பவில்லை.

தொகுப்பைத் திரும்பக் கொண்டுவர ஒரே வரி போதும். sudo apt install usbutils. பாஸ்வேர்டு கேட்டது. ஏனோ ஒரு கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு மறு கையால் தட்டினாள். சில நொடிகளில் முடிந்தது. மறுபடி lsusb.

கீபோர்டு. மவுஸ். வெப்கேமரா. நான்காவது வரியில் ஒரு போன்.

அவளுடைய போன் மடியில் இருந்தது. தமிழரசு இப்போதுதான் அவனுடையதில் பேசினான். அப்படியானால் அவளுக்குத் தெரியாமல் இன்னொன்று வைத்திருக்கிறான். வேவு பார்க்கிறான். கோபத்தோடு அந்தப் போனின் படங்களைத் திறந்தாள்.

அவளுடைய தலை வகிடு. தோள்கள். கீபோர்டில் விரல்கள், ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக. எல்லாமே மேலேயிருந்து எடுத்தவை. நூற்றுக்கணக்கில்.

ஒன்றில் அவளும் தமிழரசும் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எடுத்தது அவன் இல்லை.

கடைசிப் படம். இப்போது அவள் போட்டிருக்கும் நீலச் சுடிதார். ஒரு கை கீபோர்டை மறைத்திருந்தது.

 தலையை நிமிர்த்தவில்லை. மேஜைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். மூன்று வயர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. நான்காவது, சுவர் நிறத்திலேயே, திரைச்சீலைக்குப் பின்னால் ஏறியது. கண்ணால் மட்டும் தொடர்ந்தாள். வாசல் கதவுக்கு மேலே இருந்த பரணுக்குப் போனது. பரணின் பிளைவுட் கதவு நான்கு விரல் அளவு திறந்திருந்தது.

வெளியே போக அந்த வாசல் ஒன்றுதான்.

போனை எடுத்து அழைத்தாள். தமிழரசு. மணி அடித்தது. அவன் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அவள் சந்தேகப்பட்டுப் போனை வைத்த கோபம் அவனுக்கு.

வயர் அசைந்தது.

லேப்டாப்பிலிருந்து தானாகக் கழன்றது. சாண் சாணாக மேலே போனது. நிதானமாக. முனை சுவரில் இடித்து இடித்து ஏறியது. டிக். டிக். உள்ளே போய் மறைந்தது.

பிளைவுட் கதவு முழுதாகத் திறந்தது. அழுக்கேறிய வெறுங்கால் ஒன்று வெளியே நீண்டு, விரல்களை விரித்து, கீழே தரையைத் தேடியது.