கை கொடுக்க ஆள் உண்டு

சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்கு ‘டேப்பு’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, சுருட்டி வைத்த அளவு டேப்பு இருக்கும். காரணம் உண்டு. மாமியாரின் முழங்கால் ஒரு சாணுக்கு மேல் தூக்காது. மாமியாரின் அக்காவுக்கு, அதாவது பெரியத்தைக்கு, இடுப்பில் இரும்பு வைத்த பிறகு அரைச் சாணே அதிகம். நாலு கால் வைத்த ஊன்றுகோல் இல்லாமல் நகர மாட்டாள். இந்த இரண்டு பேருக்கும், ஆற்றில் படகிலேயே போய்க் கரையோர ஹோட்டல்களில் தங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆசைக்கு முட்டி வலி தெரியுமா என்ன?

முந்தின ஹோட்டல்காரன், “படகை விட்டு இறங்கினா அறை வாசல்” என்றிருந்தான். போய்ப் பார்த்தால் அறுபத்திரண்டு படி. இரண்டு ஆட்கள் மாமியாரை மூட்டை மாதிரி தூக்கிப் போனார்கள். அந்த மூட்டைக் கதையை மாமியார் போன் போட்டுச் சொல்லாத சொந்தம் பாக்கியில்லை. கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள்; போனை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிரித்தது மூட்டையைப் பார்த்து அல்ல, ஏற்பாடு செய்தவளைப் பார்த்து.

இந்தத் தடவை ஒரு குறையும் வரக் கூடாது. டேப்பு முப்பத்தெட்டு ஹோட்டல்களை விசாரித்துக் கழித்துக்கட்டினாள். முப்பத்தொன்பதாவது மேனேஜர் பட்டும் படாமலும் பேசினான்.

“முன்பக்கத் துறையில ஒன்பது படி மேடம்.”

“பின்பக்கம்?”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினான்.

“ஒண்ணு இருக்கு. தண்ணி மட்டத்துக்கே மேடை, படியே கிடையாது. ஆனா பூட்டி வெச்சிருக்கோம்.”

“அதைத் திறங்க. இறக்கிவிட ஆள் இல்லேன்னா நான் கை கொடுத்துக்கிறேன்.”

“ஆள் இல்லாததா பிரச்சினை...” என்று அவன் இழுத்தான். டேப்பு மீதியைக் கேட்கவில்லை. படியே கிடையாது என்ற சொல்லில் காது நிறைந்துவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. ஆற்றின் மேல் வெயில் கண்ணைக் கூச வைத்தது. படகு ஹோட்டலின் பின்பக்கம் வளைந்து, கட்டடத்தின் அடியில் நுழைந்ததும் யாரோ மூடி போட்டு மூடியது போல வெளிச்சம் போய்விட்டது. பாசி வாடை. ஊறி நைந்த கயிற்றின் வாடை. அதற்கு நடுவே, சற்றும் பொருந்தாமல், அப்போதுதான் கை கழுவியது போன்ற சோப்பு வாசனை.

படகோட்டி கொக்கிக் கம்பால் மேடையைப் பிடித்து இழுத்தான். பிறகு இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டான்.

“நான் கை கொடுக்க மாட்டேம்மா. நீங்களும் நீட்டாதீங்க. மேடையைப் பிடிச்சே இறங்குங்க.”

“ஏன், கையில மருதாணியா?” என்றாள் மாமியார்.

அவன் சிரிக்கவில்லை.

டேப்பு எழுந்து கை நீட்டினாள். மாமியார் அந்தக் கையைப் பழைய சோற்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “உன் கையையா? அதுக்கு நான் ஆத்தையே பிடிச்சுக்கிட்டு இறங்குவேன்.”

மேடை இருட்டிலிருந்து ஒரு கை வந்தது.

முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டைக் கை. பெரியத்தை அதைப் பிடித்து, ஊன்றுகோலை முதலில் வைத்து, பூப்போல இறங்கினாள். அடுத்து மாமியார். முனகல் இல்லை, சாபம் இல்லை.

“என்ன பிடி! என்ன பதமான பிடி!” என்றாள் மாமியார். “பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா ஒரு காரியம் உருப்படியா பண்ணியிருக்க. நீ போட்ட ஆளா?”

டேப்பு பெட்டிகளோடு கடைசியாக இறங்கினாள். மேடையில் வேறு யாரும் இல்லை. இருந்த ஒரே கதவு மறுபக்கம் தாழிட்டிருந்தது.

ஆனால் பன்னிரண்டு வருஷத்துப் பாராட்டு வாசல் வரை வந்து நிற்கிறது. அதைத் திருப்பி அனுப்ப எந்த மருமகளுக்கு மனசு வரும்?

“ஆமா அத்தை. நான்தான் ஏற்பாடு பண்ணினேன்.”

அந்தப் பொய்யைத்தான் அவள் பிற்பாடு நினைத்து நினைத்துச் செத்தாள்.

தாழைத் திறந்த மேனேஜர், கிழவிகள் உள்ளே போனதும் அவளைத் தனியாக நிறுத்தினான். “யாராச்சும் கை கொடுத்தாங்களா?”

அவள் முகமே பதில் சொல்லிவிட்டது.

“வயசானவங்களை இறக்கிவிடவே வெள்ளைச் சட்டை யூனிபாரம் போட்டு ஒரு அம்மாவை வெச்சிருந்தாங்க மேடம், எனக்கு முன்னாடி. சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் தொடுவாங்க. ஒரு நாள் வந்த கிழவி ஒருத்தி, ‘ஈரக் கையால தொடாதே’ன்னு உதறிட்டா. அந்தம்மா படகுக்கும் மேடைக் கல்லுக்கும் நடுவுல விழுந்தவங்கதான், எழுந்திருக்கல. அதுலேருந்து அவங்க பிடிச்சா விடறதில்ல. இறக்கிவிட்டவங்களை ஏத்திவிடவும் வருவாங்க. நாளைக்கு முன்பக்கமாவே போயிடுங்க. பெரியவங்ககிட்ட இப்பவே சொல்லிடுங்க.”

சொல்லலாம்தான். சொன்னால் என்ன நடக்கும்? ‘பேய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா’ என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போன் பறக்கும். மூட்டைக் கதை அந்தப் பேய்க் கதையின் காலைத் தொட்டுக் கும்பிடும். டேப்பு வாயைத் திறக்கவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கவும் தூங்கினாள்.

மறுநாள் காலை பத்து மணி. முன்பக்கத் துறையில் படகு நின்றது. டேப்பு ஒவ்வொரு படியாக அளந்து, நாற்காலியில் உட்காரவைத்து இறக்க நாலு பேரை நிறுத்திவிட்டு, கூடத்துக்குத் திரும்பினாள்.

கிழவிகளை உட்காரவைத்திருந்த இரண்டு நாற்காலிகளும் காலி.

பின்பக்கக் கதவின் தாழ் திறந்திருந்தது.

சோப்பு வாசனை வராந்தா வரை வந்திருந்தது.

ஓடினாள். மேடையின் விளிம்பில் மாமியார் நின்றாள். வலது கை தோளுக்கு மேல் உயர்ந்து, எதையோ பற்றியிருந்தது. ஒரு கால் மேடையில். இன்னொரு கால் தண்ணீருக்கு மேல், அந்தரத்தில்.

“படகு ஆடாம நிக்குது பாரு,” என்றாள் திரும்பாமலே.

படகு இல்லை. கறுப்புத் தண்ணீர்தான்.

டேப்பு இடது கையைப் பிடித்து இழுத்தாள். மறுபக்கம் இழுத்தது. கல்லில் கட்டிய கயிறு மாதிரி, அசையாத இழுப்பு.

“விடுடி! நீ போட்ட ஆள்தானே!”

“நான் போடல அத்தை! பொய் சொன்னேன்! அங்க யாரும் இல்ல!” அவள் காலை ஊன்றிக்கொண்டாள். “ஒரே ஒரு தடவை என் கையைப் பிடிங்க. வீட்டுக்குப் போய் ஆயுசுக்கும் திட்டுங்க. பிடிங்க அத்தை!”

மாமியார் கீழே பார்த்தாள்.

அப்புறம் அந்தக் கிழட்டு விரல்கள் டேப்புவின் விரல்களை இறுக்கின.

மறுபக்கம் தானாக விட்டது. இருவரும் மேடையில் மல்லாந்து விழுந்தார்கள். மாமியாரின் வலது மணிக்கட்டில் ஐந்து விரல்களின் ஈரம்.

“பெரியத்தை எங்கே?” என்றாள் டேப்பு.

மாமியார் தண்ணீரைக் காட்டினாள்.

“அக்காதான் முதல்ல ஏறினா.”

இரண்டு நாள் கழித்து, ஆறு வளைகிற இடத்தில் பெரியத்தை கிடைத்தாள். அவளுடைய நாலு கால் ஊன்றுகோல் கிடைக்கவில்லை.

சொந்தபந்தம் என்ன பேசியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆச்சரியம், மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கும் போன் போடவில்லை. மருமகள் கையைப் பிடித்தபடியே எழுந்தாள், நடந்தாள், உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தில், “என்ன ஒத்துமை!” என்று மூக்கில் விரல் வைத்தார்கள்.

பத்தாம் நாள் காலையில், மாமியார் அறையில் தரையைத் துடைக்கப் போன டேப்பு நின்றுவிட்டாள். குளியலறை வாசலில் சின்னச் சின்ன வட்டமாய் நாலு ஈரத் தடம். சதுரத்தின் நாலு மூலை போல.

துடைத்தாள். மறுநாள் மறுபடியும் இருந்தது. ஆனால் வாசலில் இல்லை. உள்ளே தள்ளி, கட்டில் பக்கமாக.

கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தாள்.

கட்டிலிலிருந்து ஒன்பதடி. அடுத்த நாள் ஏழரை. அதற்கடுத்த நாள் ஆறு.

இன்று காலை அவள் அளக்கக் குனிந்தபோது, மாமியார் கட்டிலில் உட்கார்ந்து, சுத்தமாகக் கழுவிய தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு தடமும் கட்டிலை ஒட்டியிருந்தன; டேப்பை இழுக்க இடமே இல்லை.