ஐஸ் பெட்டியில் கறுத்த சிறுநீரகம்

1982, மே மாதம். மாலை 4.50.

டாக்டர் தரணேந்திரன் ஐஸ் பெட்டியைத் திறந்தார். காலையில் கறிக்கடையிலிருந்து வந்த ஆட்டுச் சிறுநீரகம் கறுத்துக் கிடந்தது.

சிலிண்டர் ஆக்ஸிஜனைத் தண்ணீர் பாட்டில் வழியே நேராக ரத்தக்குழாய்க்குள் விட்டால், மோட்டார் மிஷின் இல்லாமலே சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தும் வரை கெடாமல் காப்பாற்றலாம் என்று ஊரறியச் சொன்னவர் அவர். அதைப் பார்க்க வேலூரிலிருந்து இரண்டு சர்ஜன்கள் ஐந்தரைக்கு வருகிறார்கள். இனி எதைக் காட்டுவது?

"சிலிண்டர் மூடியிருக்குது மாமா," என்றான் வர்த்தமானன். மனைவியின் தம்பி, ஒன்பது வருஷமாக அவருக்கு வலது கை. "நாலு மணிக்குப் பொன்னிதான் ரூமைத் துடைச்சா. துடைக்கிறேன்னு சாவியைத் திருகிட்டா. மொதல்ல அவளை வேலைய விட்டு அனுப்புங்க."

ஆயா பொன்னி அழுதாள். "சத்தியமா தொடலைங்க. நான் வெளிய வர்றப்பகூட பாட்டில்ல குமிழி வந்துச்சுங்க. இந்த வேலையும் போச்சுன்னா எங்கங்க போவேன்?"

ஐம்பது நிமிஷத்தில், அதுவும் ஐஸில், இவ்வளவு கறுக்காதே! தரணேந்திரன் யோசனையோடு ஹாலுக்கு வந்தார். நோயாளிகள் காத்திருந்தார்கள். கண்ணாடித் தொட்டியில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

5.20. அறைக்குத் திரும்பி, வர்த்தமானன் எழுதும் நோட்டை எடுத்தார். பார்த்ததைப் பார்த்தபடியே எழுத வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் சட்டம். வர்த்தமானன் அதை ஒருநாளும் மீறியதில்லை.

'3.15. கரன்ட் இல்லை. குமிழி இல்லை. 3.40. கரன்ட் வந்தது. குமிழி சரி.'

"சிலிண்டர் கரன்ட்லயா ஓடுது?"

"இல்ல மாமா."

"அப்ப கரன்ட் போனதும் குமிழி ஏன்டா நின்னுது?"

வர்த்தமானன் சிலிண்டர் பக்கம் திரும்பினான்.

"தொட்டி மோட்டார் எங்க?"

வர்த்தமானனின் பார்வை தன் டிபன் பைக்குப் போனது. டாக்டர் பையைக் கவிழ்த்தார். மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் குட்டி மோட்டார் விழுந்தது. அதன் குழாய் இன்னும் ஈரம்.

"மத்தியானமே சிலிண்டரை மூடிட்டு, இதைப் பாட்டில்ல சொருகியிருக்கே. கதவுக் கண்ணாடி வழியா பார்க்கறப்பல்லாம் குமிழி தெரிஞ்சுது. உள்ள போனது வெறுங்காத்து. பொன்னி போனப்புறம் கழட்டிட்டே. ஹால்ல ஆளுங்க ஜாஸ்தி, தொட்டியில திரும்ப மாட்ட முடியல. ஏன்டா?"

"மெட்ராஸ் மிஷின் கம்பெனி ஏஜென்சி தர்றேன்னாங்க. உங்க முறை ஜெயிச்சா மிஷினை யாரு வாங்குவாங்க? அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

வேற்றாள் செய்திருந்தால் தரணேந்திரன் கத்தித் தீர்த்திருப்பார். இவன் மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இலையில் மோர் ஊற்றியவன். சிலிண்டரை மூடிய கையாலேயே ஊற்றியிருக்கிறான்.

"பொன்னி, நீ எங்கயும் போக வேணாம். இந்த மோட்டாரைத் தொட்டியில மாட்டும்மா."

வாசலில் வேலூர் கார் வந்து நின்றது. தரணேந்திரன் நோட்டையும் பேனாவையும் மச்சினன் முன் தள்ளினார்.

"பார்த்ததை எழுதறவனாச்சே. செஞ்சதையும் எழுது. அவங்ககிட்ட அதைத்தான் காட்டப் போறேன்."