இரண்டு முறை கேட்ட அலறல்!

“ஐயோ... குத்திட்டான்... யாராவது வாங்களேன்!”

ஹெட்போனுக்குள் அந்த அலறல் வெடித்தது.

பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்!

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் ஒரு தோட்டா உரசிக்கொண்டு போனாலே ஊரைக் கூட்டுகிறவன் கொசு. போலீஸ், ஆம்புலன்ஸ் என்று எல்லாவற்றையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் ஓய்வான்.

நான்கு பேர் கொண்ட அணி அது. டாக்டருக்கு அங்கே புலி என்று பெயர். கட்டைக் குரலில் கட்டளை போடும் ஆள் பீரங்கி. எல்லோரையும் ‘கண்ணா’ என்று கூப்பிடுகிற பெரியவர் சித்தப்பு. மிச்சம் கொசு. புலியின் முகத்தையோ பீரங்கியின் முகத்தையோ யாரும் பார்த்ததில்லை. நிஜப் பெயரைக் கேட்பது அங்கே மரியாதையில்லை; புலி ஒரு பல் டாக்டர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கொசு கத்தினால் யாரும் ஓடிப்போய்க் காப்பாற்ற மாட்டார்கள். அவனுடைய பொம்மை சாகும்வரை காத்திருந்து, அதன் பையைப் பிரித்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள்!

“டேய் கொசு! எக்கோ வேற வெச்சுக் கத்துறியா? ஒவ்வொரு கத்தலும் ரெண்டு தடவை கேக்குது!” என்றார் டாக்டர்.

“அவன் கிடக்கட்டும் புலி... பையை எடுறா!” பீரங்கி உறுமியது.

“எடுத்தாச்சு! துப்பாக்கி எனக்கு! சித்தப்பு, நீங்க ஏன் சுவர் ஓரமா ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறீங்க?”

பதில் வரச் சற்று நேரம் பிடித்தது.

“நெட்டு... சரியில்ல கண்ணா.”

ஆட்டத்தில் ஜெயித்தார்கள். டாக்டர் ஹெட்போனைக் கழற்றி இழுப்பறையில் ஒளித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

வெளியே ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர் வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் உள்ளே எக்ஸ்ரே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று உதவியாளப் பெண் அவரிடம் சொல்லியிருந்தாள். தினமும் சொல்லும் பொய்தான்.

“இன்னிக்கு நேரமாயிடுச்சு சார்... நாளைக்கு வாங்க” என்று கூசாமல் சொன்னார் டாக்டர்.

மறுநாள் காலை, அணியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. கொசுவின் போனிலிருந்து... ஆனால் ஒரு பெண் குரல்!

“நான் அவனோட அக்கா பேசறேன். தம்பியை நேத்து யாரோ வீட்டுக்குள்ள வந்து கத்தியால குத்திட்டுப் போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில நினைவே இல்லாம கிடக்கான். உங்க கூட விளையாடிட்டு இருக்கும்போதுதான் நடந்திருக்கு. உங்களுக்கு என்ன கேட்டுச்சு? தயவுசெஞ்சு சொல்லுங்க...”

டாக்டர் அதை மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டார்.

‘கேட்டது... சிரித்தேன்.’ இதை எப்படிச் சொல்வது?

சிறிது நேரம் கழித்து டாக்டருக்கு மட்டும் தனியாக ஒரு பதிவு. சித்தப்பு!

“கண்ணா... நேத்து நாம விளையாடவே இல்லைன்னு சொல்லிடு. நானும் அப்படியே சொல்லிடறேன். சாகக் கிடந்தவனைப் பாத்துச் சிரிச்சோம்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒருத்தன் உன்கிட்ட வாயைத் திறந்து காட்டுவானா?”

மாட்டான்தான்!

டாக்டர் கழற்றிய வெள்ளைக் கோட்டை மறுபடியும் மாட்டினார். பட்டன் துளை அகப்படவே இல்லை.

வாசலில் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். கண்களில் தூக்கமில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“நேத்து மத்தியானம் எங்க இருந்தீங்க டாக்டர்?”

“இங்கதான் மேடம்... ஒரு தலைமை ஆசிரியருக்கு ரூட் கேனால் பண்ணிட்டிருந்தேன்.”

“சாட்சி?”

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் உதவியாளப் பெண் முன்னால் வந்தாள்.

“ஆமா மேடம்... நான்தான் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுத்தேன்.”

அவள் விரல்கள் துப்பட்டாவின் நுனியை முறுக்கின. நேற்றுவரை நோயாளிகளிடம் பொய் சொன்னவள், இன்று அவருக்காகப் போலீஸிடம் சொல்கிறாள்!

“அப்படியா?” இன்ஸ்பெக்டர் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். “வெளிய ஒருத்தர் உக்காந்திருக்கார். கன்னம் பூசணிக்கா மாதிரி இருக்கு. நேத்து வந்தப்ப டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டிருந்தாராம். அவருக்கே தெரியாம அவர் பல்லுக்குள்ள போயிட்டு வந்தீங்களோ?”

உதவியாளப் பெண் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

“போலீஸ்கிட்ட பொய்ச் சாட்சி சொன்னா என்னாகும் தெரியுமாம்மா?”

“அந்தப் பொண்ணை விட்டுடுங்க மேடம்!” டாக்டர் குறுக்கே வந்தார். “பொய் சொன்னது நான். நான் உள்ள... கேம் விளையாடிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டார். தலையை நிமிர்த்த முடியவில்லை.

“மேல சொல்லுங்க.”

“கொசு கத்தினான் மேடம். நான் சிரிச்சேன். அவன் பையைப் பிரிச்சுத் துப்பாக்கியை எடுத்துக்கிட்டேன். எக்கோ வெச்சுக் கத்துறியான்னு கிண்டல் வேற பண்ணினேன்... மனுஷனா மேடம் நான்?”

“எக்கோவா?”

“ஒவ்வொரு கத்தலும் ரெண்டு தடவை கேட்டுச்சு.”

இன்ஸ்பெக்டர் சட்டென்று நெருங்கி வந்தார்.

“பேசற ஆளோட பேர் பக்கத்துல ஸ்கிரீன்ல மைக் படம் மின்னுமே... அப்ப யார் பேர்ல மின்னிச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க!”

டாக்டர் கண்ணை மூடினார்.

“கொசு பேர்ல... அப்புறம்... அப்புறம்...”

கண்ணைத் திறந்தபோது அதில் பயம் இருந்தது.

“சித்தப்பு பேர்ல!”

“ஒருத்தன் கத்தினது ரெண்டு பேர் மைக்குல எப்படி வரும் டாக்டர்?”

“ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தாத்தான் வரும்! மேடம்... அவர் கொசு வீட்லதான் இருந்திருக்கார்! ஆனா அவர் ஏன் குத்தணும்?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அவருக்குக் கை நடுங்குது, அவராலதான் தோக்குறோம்னு... அவரை டீம்லேர்ந்து கழட்டி விட முடிவு பண்ணினோம். அவருக்குத் தெரியாம நாங்க மூணு பேரும் பேசினோம். நான் சரின்னு கட்டைவிரல் படம் ஒண்ணு போட்டேன். கொசுதான், ‘போன்ல சொல்லாதீங்கடா பாவம், வீட்டுக்கு வரச் சொல்லி, நானே பக்குவமா சொல்லிட்டு, கடைசியா ஒரு ஆட்டம் பக்கத்துல உக்காந்து ஆடறேன்’னான்.”

“சொல்லியிருக்கான். பக்குவமாத்தான் சொல்லியிருப்பான்.” இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். “விசாரிச்சேன். அந்தாள் ரிட்டயர் ஆன லிஃப்ட் ஆபரேட்டர். வீட்ல பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. நீங்க மூணு பேர்தான் அவருக்கு எல்லாமே.”

கொசுவின் பையைப் பிரித்ததும், சித்தப்புவைக் கழட்டிவிட்டதும் ஒரே கட்டைவிரல்தான் என்று டாக்டருக்கு உறைத்தது. அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. ஆஸ்பத்திரியில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள்!

“மேடம், ஒரு பெரியவர் பழக்கூடையோட வந்திருக்கார். பேஷண்டுக்குச் சித்தப்பாவாம். உள்ள விடச் சொல்றார். ஆனா பேஷண்டோட அக்கா, எங்களுக்குச் சித்தப்பாவே கிடையாதுங்கறாங்க...”

“பிடி! கூடையைக் கொட்டிப் பாரு!”

சில விநாடிகள்... பழங்கள் உருளும் சத்தம். யாரோ ஓடினார்கள். யாரோ விழுந்தார்கள்.

“மேடம்! அடியில கத்தி இருக்கு! பழம் நறுக்கறதுக்காம்!”

“அவர் கையில விலங்கை மாட்டிட்டு நீயே நறுக்கிக் குடு.”

போன் அணைந்தது. டாக்டர் மெல்லக் கேட்டார்.

“மேடம்... பையை எடுடான்னு என்னைத் தூண்டிவிட்டது பீரங்கி. அவனையும் விசாரிப்பீங்கதானே?”

தன் பழியில் பாதியை இறக்கி வைக்க ஒரு தோள் கிடைக்காதா என்ற நப்பாசை!

இன்ஸ்பெக்டர் தன் போனில் எதையோ தட்டி, வாயருகே கொண்டுபோனார்.

கட்டைக் குரல் அறையை நிறைத்தது.

“அவன் கிடக்கட்டும் புலி... பையை எடுறா!”

டாக்டர் தடுமாறி நோயாளி நாற்காலியில் விழுந்தார்.

“நீ... நீங்களா?”

“பொம்பளைக் குரல் கேட்டாலே கூட ஆடறவனுங்க துப்பாக்கியைக் கீழ போட்டுட்டு நம்பர் கேக்கறானுங்க. அதான் குரலை மாத்துற ஆப் ஒண்ணு போட்டுக்கிட்டேன்.” இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். “நேத்து ஆட்டம் ஆரம்பிச்சதுமே கொசுவை மியூட் பண்ணிட்டேன். அப்புறமும் அவன் கத்தல் எனக்குக் கேட்டுச்சு. மியூட் வேலை செய்யலைன்னு எரிச்சல்தான் வந்துச்சு. அது சித்தப்பு மைக்ல வந்ததுன்னு விடிஞ்சப்புறம்தான் உறைச்சுது. என் ஒருத்தி வார்த்தை கோர்ட்ல நிக்காது. ரெண்டாவது காது வேணும்னுதான், வாட்ஸ்அப் நம்பரை வெச்சு உங்களைத் தேடி வந்தேன்.”

“மேடம்...”

“நீங்க சிரிச்சீங்க டாக்டர். காப்பாத்துங்கன்னு கத்தினவனோட வாயை அடைச்சது நான். இந்த யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு! மேலதிகாரிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே கேஸை வேற ஆள் பாத்துப்பாங்க.”

அன்று மாலை கொசு கண் திறந்தான்.

படுக்கையின் கால்மாட்டில் இருவரும் நின்றார்கள். வாங்கி வந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் டாக்டர் கையிலேயே வைத்திருந்தார்.

“கொசு... நான்தான் புலி. நீ கத்தினப்ப... நாங்க சிரிச்சோம்டா.”

கொசு உலர்ந்த உதடுகளை அசைத்தான்.

“கேட்டுச்சு புலி. ஹெட்போன் காதுலயேதான் இருந்துச்சு.”

டாக்டர் வாய்விட்டு அழுதார். கொசு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் இருந்த காக்கி உடையை நோக்கிக் கண்ணை நகர்த்தினான்.

“இவங்க?”

“பீரங்கி.”

கொசுவின் பார்வை அந்தத் தோள்பட்டை நட்சத்திரங்களில் குத்திட்டு நின்றது. தினமும் ஆட்டத்துக்கு நடுவே, தன் பேட்டைப் போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி அந்தக் கட்டைக் குரலிடம் அவன் கிண்டலடித்துப் பேசிய பேச்சு அத்தனையும் நினைவுக்கு வந்தது போலிருந்தது.

மெதுவாக நர்ஸின் பக்கம் திரும்பினான்.

“சிஸ்டர்... எனக்கு இன்னும் நினைவு திரும்பலைன்னே எழுதிக்கோங்க!”