குப்பையே இல்லையே

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் வீட்டில் எல்லோரும் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒன்றும் எந்நேரமும் தூங்குகிறவள் இல்லை. ஓர் எறும்பைப் பார்த்தால், அது தன் வீடு போய்ச் சேரும்வரை அங்கேயே நிற்பாள், அவ்வளவுதான். அதற்குள் பால் ஆறிவிடும். பள்ளிக்கூட மணியும் அடித்துவிடும்.

அவர்கள் வீடு பெரிய மழைக்காட்டின் ஓரத்தில் இருந்தது. வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் அப்பாவின் கொக்கோ தோட்டம். மூன்று வருடங்களுக்கு முன்பு காட்டில் ஒரு துண்டை வெட்டித்தான் அப்பா அதை உண்டாக்கினார். முதல் வருடம் கன்றுகள் தளதளவென்று கரும்பச்சையாக நின்றன. இரண்டாம் வருடம் கொஞ்சம் வெளுத்தன. இந்த வருடம் எல்லாம் மஞ்சள்.

அக்கறை இல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் காலையில் அம்மா விளக்குமாற்றோடு தோட்டத்தில் இறங்குவார். ஓர் இலை தரையில் கிடக்க விடமாட்டார். எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, மூலையில் கொளுத்திவிட்டுத்தான் டீ குடிப்பார்.

மூன்று மாதத்துக்கு முன் விவசாய அதிகாரியம்மா ஒருவர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்காமலே தோட்டத்தை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, குப்பையே இல்லையே" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து சாயங்காலமும் ஒரு தடவை கூட்ட ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு காட்டுக்குள் போய், ஐந்து மரங்களில் குறி போட்டுவிட்டு வந்தார்.

"நம்ம மண்ணு செத்துப்போச்சு. காட்டு மண்ணுதான் நல்ல மண்ணு. திங்கட்கிழமை மரம் வெட்டுறவர் வராரு. அங்க புதுசா கன்னு வெச்சிடலாம்" என்றார்.

தூங்குமூஞ்சி காட்டுக்குள் போய்ப் பார்த்தாள். ஐந்தாவது மரம் அவளுடைய மரம். அதன் வேர்கள் பலகைகள் மாதிரி எழுந்து நிற்கும். இரண்டு வேர்களுக்கு நடுவில் ஒரு சின்ன அறை அளவு இடம் இருக்கும். அவள் வீட்டுப்பாடம் எழுதுவதே அங்கேதான். அழுதுகொண்டே அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "எனக்கும் மனசு வரலதான் கண்ணு. தோட்டம் காய்க்கலன்னா நாம எப்படிச் சாப்பிடுறது?" என்றார்.

மறுநாள் காலை, அவள் மரத்திடம் விடைபெறப் போனாள்.

காடு ஈரமாக, அரை இருட்டாக இருந்தது. எங்கோ உயரத்திலிருந்து ஓர் இலை புறப்பட்டது. சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல் இறங்கி அவள் காலடியில் படுத்துக்கொண்டது. இனி இது எங்கே போகும்? தூங்குமூஞ்சி குப்புறப் படுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

இலைக்குக் கீழே இன்னோர் இலை, நனைந்து போயிருந்தது. அதற்குக் கீழே பாதி இலை. அதற்கும் கீழே நரம்பு மட்டும். பிறகு வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. பிறகு கறுப்பாக, பொலபொலவென்று ஏதோ. அது இரண்டு விரல் ஆழம்கூட இல்லை. அதற்குள் மரத்தின் மெல்லிய வேர்கள் கூட்டமாக வந்து புகுந்திருந்தன. இன்னும் தோண்டினாள். வெறும் வெளிறிய செம்மண் வந்தது.

'இது நம்ம தோட்டத்து மண்ணாச்சே' என்று நினைத்தாள்.

கன்னத்தை இலைகளின்மேல் வைத்துக் கண்ணைப் பாதி மூடினாள். விழுந்த இலை மெதுவாகக் கரைந்தது. வேர் அதைக் குடித்தது. அது தண்டு வழியாக மேலே, மேலே, வெளிச்சம் வரைக்கும் ஏறிப்போய் மறுபடியும் இலையானது. பிறகு ஒரு நாள் மறுபடியும் புறப்பட்டது. காடு முழுவதும் இப்படி ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது, சத்தமே இல்லாமல்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ தெரியாது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கொக்கோ கன்று உண்டு. அந்தச் சந்துக்குள் அம்மாவின் விளக்குமாறு நுழையாது.

தோண்டிய செம்மண்ணில் ஒரு பிடியை மடியில் கட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். அது கரும்பச்சையாக நின்றது. அதன் காலடியில் மூன்று வருடத்து இலைகள்.

அப்பாவையும் அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கன்றைக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒன்றில் மரத்தடியில் தோண்டிய செம்மண், இன்னொன்றில் தோட்டத்து மண்.

"எது காட்டு மண்ணு, சொல்லுங்கப்பா."

அப்பா தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார். முழித்தார்.

"மண்ணுல எதுவும் இல்லப்பா. எல்லாம் இலையிலதான் இருக்கு. நாம அதைக் கொளுத்திடுறோம். அங்க வெட்டினாலும் மூணு வருஷத்துல இதே கதைதான்."

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அந்த ஆபீசரம்மாவே குப்பை இல்லன்னு பாராட்டிட்டுப் போனாங்களேடி."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடடா! வயலுக்குப் போடுற எருவையும் குப்பைன்னுதானே சொல்லுவோம். அவங்க பாராட்டல. குப்பை போடலையேன்னு திட்டிட்டுப் போயிருக்காங்க."

அம்மா விளக்குமாற்றைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். முதலில் தூங்குமூஞ்சிதான் சிரித்தாள். கடைசியில் அம்மாவும் சிரித்துவிட்டார்.

ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்ப்பது என்று அப்பா முடிவு செய்தார். திங்கட்கிழமை வந்த மரம் வெட்டுகிறவர் டீ குடித்துவிட்டு, கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

பாவம், அம்மாதான் தவித்துப்போனார். கீழே இலையைப் பார்த்தாலே அவருக்குக் கை நமநமவென்றது. விளக்குமாற்றை அவரே பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டார். காய்கறித் தோல், முட்டை ஓடு, உதிர்ந்த இலை எல்லாம் கன்றுகளின் காலடிக்குப் போயின. மழை பெய்து ஓய்ந்தபோது, மஞ்சள் கன்றுகளில் புதுத் தளிர்கள் செம்பு நிறத்தில் எட்டிப் பார்த்தன. அடுத்த மாதமே அவை பச்சையாகிவிட்டன. மரத்தில் இருந்த சிவப்புக் குறியைப் பாசி மூடிவிட்டது.

விவசாய அதிகாரி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஜீப்பிலிருந்து இறங்கினார். கால் மெத்தென்று புதைந்தது.

"என்னம்மா, எங்க பாத்தாலும் ஒரே குப்பையா இருக்கே" என்றார்.

அம்மாவுக்கு மறுபடியும் உச்சி குளிர்ந்துவிட்டது. "எல்லாம் எங்க தூங்குமூஞ்சி வேலைங்க" என்றார் பெருமையாக.

தூங்குமூஞ்சி காட்டோரத்தில் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். உயரத்தில் ஓர் இலை அப்போதுதான் புறப்பட்டிருந்தது. வீட்டில் அவளுடைய பால் ஆறிக்கொண்டிருந்தது. அந்த இலை தரைக்கு வந்து சேரும்வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை.